கூரை பிரிக்காத வீடு

பொன்னங்கண்மாய்க் குடியிருப்பு,
ஒத்தக்கடை, மதுரை
19.08.2022

அக்காவுக்கு,

தவசி எழுதுவது. மிஷன் ஹாஸ்டலை விட்டு ஒன்பதாவதில் ஓடிவந்த பிறகு நான் முழுப் பக்கம் எழுதுவது இதுதான் முதல் தடவை. ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவனைப் பேனா பிடிக்க வைத்தது நீதான். எழுத்துப்பிழை பார்த்துச் சிவப்பு மையில் சுழிக்காதே. நீ இப்போது டீச்சர் இல்லை, எம்.எல்.ஏ.

நீ சென்னைக்குக் கிளம்பின மறுநாள் ஊர்க்கூட்டம் போட்டார்கள். நம் சனத்தில் செத்தவர்களைப் படுத்த இடத்திலேயே புதைத்து, எட்டாம் நாளுக்குள் கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டு, இருக்கிறவர்கள் தள்ளிப் போய்க் குடிசை போடுவோம். அதை உனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் ஆத்தாவைப் புதைத்த ஈரம் காயும் முன்னால் நீ வாசலில் கையை விரித்து நின்றாய். "பட்டாவுக்கு அளக்க வாராய்ங்க. நிக்கிற வீட்டுக்குத்தான் பட்டா. அம்புட்டுப் பேரும் கேட்டுக்கங்க, அளந்து முடியிற வரைக்கும் எவரும் கூரையில கை வைக்கக் கூடாது" என்று நீ போட்ட சத்தத்தில் பந்தல்காரன்கூடப் பயந்துபோனான். பெற்ற மகளின் சத்தமாக அது இல்லை.

கூட்டத்தில் தலைவர் நல்லகாமன் சொன்னது இதுதான்: "கூரை நிக்கட்டும். பட்டா நமக்கும் வேணும். ஆனா செத்தவளைப் போகவிடாம அடைச்சு வச்ச மகளோட இந்த ஊருக்கு வாய்ப்பேச்சு கிடையாது. ஊரே கூடி எடுக்கிற வரைக்கும் விலக்கு விலக்குத்தான்."

போனும் வாய்ப்பேச்சுதானாம். "வாட்ஸ்அப்புல எழுதலாமா பெரியப்பா?" என்று கேட்டேன். "அதுல அவ போட்டோ தெரியுது, வாயும் தெரியுது, வேணாம்" என்றார். அதனால்தான் தபால்.

நீ சொன்னபடி நான், குருவம்மா, சின்னவள் மூவரும் அதே வீட்டில்தான் இருக்கிறோம். ஆத்தா படுத்த மூலையில் குருவம்மா பாய் விரிப்பதில்லை. சின்னவளுக்கு என்ன தெரியும், பாட்டி மூலை என்று அங்கே உட்கார்ந்துதான் விளையாடுகிறாள். எப்போது அளக்க வருவார்கள்? அதை மட்டும் எழுது.

தவசி

*

சட்டமன்ற உறுப்பினர் விடுதி,
சென்னை
27.08.2022

அன்புள்ள தம்பிக்கு,

விலக்கு வைத்ததில் எனக்கு வருத்தமில்லை என்றுதான் முதலில் எழுதினேன். அதைக் கிழித்துவிட்டேன். வருத்தம்தான். ஆத்தாவுக்குக் கடைசியாகத் தலை வாரிவிட்டவள் நான். என்னோடு பேசக் கூடாது என்று சொல்ல அந்த மனுஷனுக்கு எப்படி வாய் வந்தது?

கோபத்தை விடு, கணக்கைப் பார். முன்பெல்லாம் சுற்றிலும் பொட்டல். ஒரு சாவுக்கு ஒரு குடிசை தள்ளிப் போட்டால் கேட்க ஆளில்லை. இப்போது ஒரு பக்கம் கல்லூரிச் சுவர், இரண்டு பக்கம் பிளாட்டுக் கல். மிச்சம் இருக்கிற நாலாவது பக்கம் கண்மாய். இனி சாவுக்குச் சாவு நகர்ந்தால் தண்ணீருக்குள்தான் போய் நிற்போம். நீர்நிலையில் நிற்கிற குடிசைக்கு எந்தச் சர்க்காரும் பட்டா தராது. எந்த நீதிமன்றமும் இரக்கம் காட்டாது.

நம் சனத்தில் ஒருத்தர்கூடப் பஞ்சாயத்து ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. கட்சி என்னை ஏன் கூப்பிட்டது என்று எனக்குத் தெரியாதா? போஸ்டரில் 'முதல்' என்று போட்டுக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். போடட்டும். நான் வந்தது அந்த இடத்துக்குப் பட்டா வாங்க. அதை வாங்காமல் நான் இங்கே உட்கார்ந்திருப்பதில் அர்த்தமே இல்லை.

அடுத்த மாதம் அளக்க வருவார்கள். தாசில்தார் பட்டாபிராமன் நல்ல மாதிரி. அதுவரை பொறுத்துக்கொள். சின்னவளுக்குக் கவுன் அனுப்பியிருக்கிறேன்.

அக்கா
செல்லக்கிளி

*

ஒத்தக்கடை
23.01.2023

அக்காவுக்கு,

பட்டா வந்துவிட்டது. மந்திரி கையால் கொடுத்தார்கள். நீ மேடையில் நின்றாய், நம் சனம் கீழே நின்றது, ஒருத்தரும் உன்னோடு பேசவில்லை. பட்டாவை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, உன்னைப் பார்க்காமல் தலையைக் குனிந்தபடி இறங்கினார்கள். வெளியாட்கள் அதை மரியாதை என்று நினைத்துக் கைதட்டினார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

சபையில் நீ பேசியதைப் போனில் பார்த்தோம். நடுவில் ஒரு வரி தமிழை விட்டுவிட்டு நம் வீட்டுப் பேச்சில் பேசினாயே, "நாங்களும் இருக்கோம், எங்க காலுக்குக் கீழே இருக்கிற மண்ணு எங்களுக்கு வேணும்" என்று, அதைக் கேட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள். உன் பேச்சில் ஹாஸ்டல் வாடை அடிக்கிறது. நல்லகாமன் மட்டும் சிரிக்கவில்லை. "இன்னொரு வாட்டி போடு" என்றார். அப்புறம் இன்னொரு வாட்டி. கேட்பது வாய்ப்பேச்சு ஆகாதாம்.

இப்போது ஒன்று கேட்கிறேன். அளந்தாகிவிட்டது, பட்டாவும் கைக்கு வந்தாகிவிட்டது. ஆத்தா வீட்டுக் கூரையைப் பிரித்துவிடட்டுமா? குருவம்மா முழுகாமல் இருக்கிறாள். அந்த வீட்டில் பெற மாட்டேன் என்கிறாள்.

தவசி

*

சென்னை
04.02.2023

அன்புள்ள தம்பிக்கு,

பிரிக்காதே.

பட்டாவின் பின்பக்கம் படித்தாயா? கொடுத்த இடத்திலேயே குடியிருக்க வேண்டும், காலி செய்தால் ரத்து என்று நிபந்தனை இருக்கிறது. நீ பிரித்தால் அடுத்த வீட்டுக்காரர்களும் பிரிப்பார்கள். கான்கிரீட் வீட்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். சுவர் எழும்பிவிட்டால் இந்தப் பிரச்சினையே ஓய்ந்துவிடும்.

குருவம்மாவைப் பிரசவத்துக்கு அவள் அம்மா குடிசைக்கு அனுப்பு. நீயும் சின்னவளும் ஆத்தா வீட்டிலேயே இருங்கள். உன்னைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள், நீ என் தம்பி. எனக்காக இதைச் செய்.

அந்த ஒரு வரியைச் சபையில் குறிப்பெடுப்பவர்களால் எழுத முடியவில்லை. தமிழில் சொல்லுங்கள் என்று வந்து கேட்டார்கள். சொன்னேன். அச்சில் தமிழ்தான் இருக்கிறது. நம் பேச்சு இருக்க வேண்டிய இடத்தில் புள்ளி புள்ளியாக வைத்திருக்கிறார்கள். பரவாயில்லை, புள்ளியாவது விழுந்ததே.

அக்கா

*

ஒத்தக்கடை
21.11.2023

அக்கா,

கட்சி ஆபீஸில் சொல்லி அனுப்பியிருந்தேன். உனக்குத் தெரிந்திருக்கும். சின்னவள் போய்விட்டாள். டெங்கு என்று பெரியாஸ்பத்திரியில் எழுதினார்கள். நீயும் அதைத்தான் சொல்வாய். நானும் அதைத்தான் சொல்கிறேன். கண்மாயோரம் கொசு அப்படி. காய்ச்சல் இல்லாத வீடு இல்லை. நம் குடியிருப்பில் அவளைத் தவிர இன்னும் இரண்டு பிள்ளைகள் போய்விட்டார்கள்.

ஆனால் முதல் காய்ச்சல் எந்த வீட்டில் வந்தது? ஆத்தாவுக்கு மேலே கூரை நின்ற வீட்டில்.

அவளைத் தூக்கிவந்தபோது யாரும் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். நல்லகாமன் என் தோளில் கை வைத்து, "பாட்டி பேத்தியைக் கூப்பிட்டுக்கிட்டா. தனியா எம்புட்டு நாளைக்குக் கெடப்பா?" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கே எல்லோரும் கூரையைப் பிரித்தார்கள். சாவு விழாத வீட்டுக்காரர்களும் பிரித்தார்கள். ஆண், பெண், பிள்ளை என்று ஆளுக்கொரு கம்பைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். வேறு எங்கே போவது? கண்மாய் நடுவில் மட்டும் குட்டையாகத் தண்ணீர், மற்றது வற்றிக் கிடக்கிறது. அங்கேதான் குடிசை போட்டிருக்கிறோம்.

பட்டாக்களை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருக்கிறேன். உன் கட்சிக்காரர்கள் வந்தால் கொடுக்கிறேன்.

நீ சொன்னதைக் கேட்டேன் அக்கா. கேட்டிருக்கக் கூடாது.

தவசி

*

சென்னை
02.12.2023

தவசி,

நான் வந்தேன். உனக்குத் தெரியும். கண்மாய்க்கரையில் காரை நிறுத்திவிட்டு இறங்கி வந்தேன். ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாய். குருவம்மா கைப்பிள்ளையை முந்தானைக்குள் மறைத்தாள். என் நிழல் பட்டால் பிள்ளைக்கு ஆகாது என்பதுபோல மறைத்தாள். அதைக் கண்டிக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? திரும்பி வந்துவிட்டேன்.

சின்னவள் கடைசியாக என்ன கேட்டாள் என்றுகூட எனக்குத் தெரியாது. யாரிடம் கேட்பேன்?

இதை இப்போது எழுதக் கூடாது, எழுதாமலும் இருக்க முடியாது. கண்மாய் ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லி யாரோ வழக்குப் போட்டிருக்கிறார்கள். பக்கத்துப் பிளாட்டுக்காரர்களாக இருக்கும், தண்ணீர் நின்றால்தான் அவர்கள் போர்வெல்லில் ஊறும். தீர்ப்பு எப்படி வரும் என்று சொல்ல வக்கீல் வேண்டியதில்லை. பழைய இடத்துக்குப் போங்கள். பட்டா இன்னும் உயிரோடு இருக்கிறது. என் மேல் இருக்கிற கோபத்தை மண்ணின் மேல் காட்டாதீர்கள்.

அக்கா

*

பொன்னங்கண்மாய்
11.06.2024

மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களுக்கு,

நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். குடிசைக் கம்பில் ஒட்ட இடமில்லாமல் என் ஆட்டோ கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போனார்கள். பழைய இடத்தில் யாரும் குடியில்லை, அதனால் பட்டாவை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று இன்னொரு நோட்டீஸ். இருக்கிற இடத்தில் இருக்கக் கூடாது, இல்லாத இடத்தில் ஏன் இல்லை என்று கேட்கிறார்கள்.

நல்லகாமனிடம் மறுபடி பேசிப் பார்த்தேன். "புள்ளைக படுத்திருக்க எடத்துல அடுப்பு வைக்கச் சொல்றியா? ஒன்னால முடியுமாடா?" என்றார். என்னால் முடியாது. குருவம்மாவிடம் கேட்கவே முடியாது.

உங்கள் கட்சிதானே ஆளுகிறது. ஏதாவது செய்யுங்கள்.

இப்படிக்கு,
மு. தவசி,
ஓட்டுப் போட்டவன்

*

சென்னை
30.06.2024

தவசி,

'மாண்புமிகு' என்று எழுதி என்னைக் குத்த வேண்டாம். குத்துப்பட வேறு இடம் மிச்சமில்லை.

எல்லாக் கதவையும் தட்டிவிட்டேன். சபையில் கேள்வி கேட்க எழுதிக் கொடுத்தேன். "நீர்நிலை விவகாரம் கோர்ட்டுல இருக்கு, நம்ம ஆளே கேட்டா நல்லாவா இருக்கும்மா?" என்று கொறடா திருப்பிக் கொடுத்துவிட்டார். மாவட்டச் செயலாளர், "ஒங்க சனத்துல ஓட்டு எம்புட்டு இருக்கு, ஒரு பூத்துக்குத் தேறுமா?" என்று கேட்டார். தேறாது.

ஒரே வழி இருக்கிறது. வக்கீலம்மா ராஜஸ்ரீ சொன்னது. பழைய இடம் காலியாக இல்லை, நம் வழக்கப்படி அங்கே செத்தவர்களை வைத்திருக்கிறோம், அதனால்தான் இருக்கிறவர்கள் நகர்ந்தார்கள் என்று நானே, அந்தச் சனத்தில் பிறந்த உறுப்பினராக, நீதிமன்றத்தில் எழுதிக் கொடுப்பது. வழக்கத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டாம். பட்டா தப்பும். நகர்ந்து போவதற்கு வேறு புறம்போக்கும் கேட்கலாம்.

வெளியாளிடம் அதைச் சொல்லக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஹாஸ்டலில் இருந்தபோது சிஸ்டர் எவ்வளவோ கேட்டும் நான் சொன்னதில்லை, இந்த வக்கீலம்மாவிடம்தான் முதல் தடவையாக வாய் விட்டேன். நல்லகாமனிடம் கேட்டு எழுது. சீக்கிரம்.

அக்கா

*

பொன்னங்கண்மாய்
06.07.2024

அக்கா,

கேட்டேன். வேண்டாம் என்கிறார். "சர்க்காருக்குச் சொன்னா சர்க்காரு பாக்கணும்பான். பாக்கணும்ண்டா தோண்டணும்பான்" என்கிறார். எனக்கும் வேண்டாம் என்றுதான் படுகிறது. சொல்லாதே.

தவசி

*

சென்னை
25.07.2024

தவசி,

எழுதிக் கொடுத்துவிட்டேன்.

கண்மாயில் கிடக்கிற கைப்பிள்ளைகளை நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். மழைக்கு முன்னால் இடித்துவிட்டால் அதுகள் எங்கே போகும்? செத்தவர்களுக்கு இனி எந்த ஆபத்தும் இல்லை, ஆபத்து உங்களுக்குத்தான். நல்லகாமன் தலைவர், அவர் செத்தவர்களையும் பார்க்க வேண்டியவர். நான் ஓட்டு வாங்கி வந்தவள், இருப்பவர்களைத்தான் பார்க்க முடியும். தப்பென்றால் விலக்கை இன்னும் கெட்டியாக்கிக்கொள்ளுங்கள். வீடு இருக்கட்டும்.

செல்லக்கிளி

*

பொன்னங்கண்மாய்
17.10.2024

அக்கா,

நேற்று நடந்ததை எழுதுகிறேன். படிக்க உனக்குத் தெம்பில்லை என்றாலும் படி.

தாசில்தார் பட்டாபிராமன், சர்வேயர், ஒரு டாக்டர், போலீஸ், மண்வெட்டிக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். நீ எழுதிக் கொடுத்தது உண்மையா என்று பார்த்துச் சொல்ல நீதிமன்றம் கேட்டிருக்கிறதாம். நல்லகாமன் பெண்களையும் பிள்ளைகளையும் கரைக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு, வழியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டார். போலீஸ்காரர்கள் அடிக்கவில்லை. நாற்காலியைத் தூக்குவதுபோல இரண்டு பேர் அவரைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். அந்த மனுஷனுக்கு அவ்வளவு எடை குறைந்துபோயிருக்கிறது.

தாசில்தார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நீ சொன்னது சரி, கெட்டவர் இல்லை. கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "தம்பி, எல்லாத்தையும் தோண்ட எனக்கும் மனசு இல்லப்பா. ஏதாவது ஒண்ணு காட்டுங்க போதும். தெரிஞ்சதும் மூடிரலாம். நீங்க காட்டலைன்னா அவங்களா அங்கங்கே வெட்டுவாங்க" என்றார்.

எங்கள் வீடு நின்ற இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தோம். ஒரு மூலையில் ஆத்தா. இன்னொரு மூலையில் சின்னவள். மற்றவர்கள் வீட்டுச் சாவைக் காட்ட எனக்கு என்ன உரிமை? இரண்டில் ஒன்றை நான்தான் காட்ட வேண்டும்.

ஆத்தாவைக் காட்டினேன்.

உடனே சேலை தெரிந்தது. நீ ஆஸ்பத்திரிக்குக் கட்டிவிட்ட அந்தப் பச்சைச் சேலை. டாக்டர் குனிந்து பார்த்துத் தலையாட்டினார். போட்டோ எடுத்தார்கள். "பேரு?" என்று சர்வேயர் கேட்டார். செத்தவர் பேரை நாம் சொல்வதில்லை என்றேன். "ரிப்போர்ட்டுல எழுதணும்ல?" என்றார். சொன்னேன். இன்ஷியல் கேட்டார். அதையும் சொன்னேன்.

மூடும்போது என்னிடம் மண்வெட்டியைக் கொடுத்தார்கள். வாங்கவில்லை. கையால் தள்ளினேன்.

ஆத்தாவை ஏன் காட்டினாய் என்று குருவம்மா கேட்கவில்லை. சாயங்காலம் முழுக்க என் விரலைப் பிடித்துக்கொண்டு நகக்கண்ணில் இருந்த மண்ணை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் சின்னவளைக் காட்டியிருந்தால் அவள் என்னோடு ஒருநாளும் வாழ்ந்திருக்க மாட்டாள்.

தவசி

*

சென்னை
09.01.2025

தவசி,

பல தடவை எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். அதனால் செய்தியை மட்டும் எழுதுகிறேன். பத்திரிகையில் வருவதற்கு முன்னால் நான் சொல்ல வேண்டும்.

நீதிமன்றத்தில் நாம் சொன்னதை முழுவதும் நம்பிவிட்டார்கள். அது உண்மையான வழக்கம், அந்த இடம் உண்மையில் இந்தச் சனம் செத்தவர்களைப் புதைத்த இடம் என்று எடுத்துக்கொண்டார்கள். அதனால் அதை மயானமாக வகை மாற்றச் சொல்லிவிட்டார்கள். கம்பி வேலி போட்டுப் பாதுகாக்க வேண்டுமாம். மயானத்தில் வீட்டுமனைப் பட்டா இருக்க முடியாது. அத்தனை பட்டாவும் ரத்து. கண்மாயையும் காலி செய்ய வேண்டும். நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி அடுக்குமாடி வீடுகள் கட்டிப் பூட்டி வைத்திருக்கிறார்கள், அதில் தருவார்கள்.

ராஜஸ்ரீ அழுதாள். இப்படித் திரும்பும் என்று அவளுக்கும் தோன்றவில்லையாம். எனக்கு அழுகை வரவில்லை. அந்தத் தீர்ப்பில் தப்பே இல்லை தவசி. யாரைத் திட்டுவது என்று தேடிப் பார்க்கிறேன், ஒருத்தரும் அகப்படவில்லை. எல்லோரும் நாம் சொன்னதை மதித்துத்தான் செய்திருக்கிறார்கள்.

ராஜினாமாக் கடிதம் எழுதி மாவட்டச் செயலாளரிடம் கொண்டுபோனேன். "முதல் ஆளே ராஜினாமா பண்ணுனா ஒங்க சனத்துல இன்னொருத்தருக்கு எவன் சீட்டுக் குடுப்பான்?" என்றார். அந்த ஆள் என்மேல் வைத்த பாசத்தில் சொல்லவில்லை. ஆனாலும் அது உண்மைதான். திரும்ப எடுத்துவந்துவிட்டேன். இதை நீ கோழைத்தனம் என்பாய். சொல்லிக்கொள்.

இடிக்க வருகிற அன்று நான் வந்து நிற்பேன். பேச வேண்டாம். நிற்கிறேன்.

அக்கா

*

அடுக்குமாடிக் குடியிருப்பு, சி பிளாக்,
நாகமலை புதுக்கோட்டை வழி
28.09.2025

அக்காவுக்கு,

வந்து நின்றாய். ஜேசிபிக்கு முன்னால் நீ உட்கார்ந்ததும் பெண் போலீஸ் உன்னைத் தூக்கியதும் டிவியில் வந்தது. அன்றைக்குத்தான் கொஞ்ச நேரம் நீ எம்.எல்.ஏ. என்பதை மறந்திருந்தேன். குருவம்மா உனக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பினாளே, அது நான் சொல்லி இல்லை.

இங்கே குலுக்கல் போட்டு வீடு கொடுத்தார்கள். நம் சனம் ஏழெட்டு பிளாக்குக்குச் சிதறிக் கிடக்கிறது. எனக்கு இரண்டாவது மாடி. ஒத்தக்கடை லைனில் ஓட்டிய ஆட்டோவை இங்கே ஓட்டவிட மாட்டேன் என்கிறார்கள் இந்த ஸ்டாண்டுக்காரர்கள். "மாப்ள, புதுசா வந்தவன் கடைசியில நில்லு" என்கிறார்கள். நிற்கிறேன். கடைசிக்குச் சவாரி வருவதில்லை.

நல்லகாமன் போய்விட்டார். அவருக்கு மூன்றாவது மாடி. ஏறிய நாளிலிருந்து அவர் இறங்கவே இல்லை. செத்ததும் இடம் கொண்ட மட்டும் அந்த வீட்டில் கூடி நின்றோம். தரை சிமெண்டு, அதற்குக் கீழே ஓர் இஸ்லாமியக் குடும்பம். மேலே பார்த்தால் இன்னொரு வீட்டுத் தரை. எதைப் பிரிப்பது? எங்கே தோண்டுவது? கீழ்வீட்டு அம்மா ஏறிவந்து, "ஏன் அப்படியே நிக்கிறீங்க, தூக்கலையா?" என்று கேட்டார்கள். மின்மயானத்துக்குக் கொண்டுபோனோம். சாம்பலை ஒரு டப்பாவில் கொடுத்தார்கள். அதை என்ன செய்வது என்று தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான்.

அவர் மருமகன் முத்திருளன் அந்த வீட்டைப் பூட்டிவிட்டு என்னோடு வந்து படுத்துக்கொள்கிறான். வீட்டில் குடியில்லை, அதனால் காலி செய் என்று அவனுக்கு ஆபீஸிலிருந்து ஓலை வந்திருக்கிறது.

உன்மேல் போட்ட விலக்கைப் பற்றிப் பேச்சு வந்தது. எடுத்துவிடலாம் என்று பெண்கள் சொல்கிறார்கள். எல்லோரும் ஓர் இடத்தில் கூடத்தான் முடியவில்லை. மொட்டை மாடிக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள்.

தவசி

*

சென்னை
18.01.2026

அன்புள்ள தம்பிக்கு,

மறுபடியும் எனக்கு சீட்டு என்கிறார்கள். ஜேசிபிக்கு முன்னால் உட்கார்ந்தவள் என்று எனக்குப் பெயர் வந்துவிட்டதாம், விட்டால் அடுத்த கட்சி தூக்கிக்கொள்ளுமாம். மண்ணுக்காக நின்ற முதல் மகள் என்று போஸ்டருக்கு வாசகமே எழுதிவிட்டார்கள். அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

நிற்கவா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. நின்றால் ஆத்தாவின் எலும்பின் மேல் ஏறி நிற்கிறேன். நிற்காவிட்டால் அந்தச் சபையில் நம் பேச்சு பேச ஒருத்தரும் இல்லை. இதுவரை நீ கேட்டபோதெல்லாம் நான் முடிவெடுத்துவிட்டுத்தான் உனக்கு எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை முடிவெடுக்கவில்லை. நீ சொல். வேண்டாம் என்றால் மிஷன் ஸ்கூலிலேயே மறுபடி வேலை கேட்டுக்கொள்கிறேன்.

அக்கா

*

சி பிளாக்
31.01.2026

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று நான் வேறொரு வேலையாக அலைந்துகொண்டிருந்தேன். இங்கே ஒரு மாதமாக மோட்டார் ஓடவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு குருவம்மா இரண்டு மாடி தண்ணீர் சுமக்கிறாள். மனு எழுதிக்கொண்டு இந்தத் தொகுதி எம்.எல்.ஏ. ஆபீஸுக்குப் போனேன். எங்கள் ஓட்டை இங்கே மாற்றிவிட்டார்கள், உனக்குத் தெரியுமோ தெரியாதோ. உன் தொகுதியில் இப்போது நம் சனத்து ஓட்டு ஒன்றுகூட இல்லை.

அங்கே இருந்தவர் மனுவைப் படித்துவிட்டு, "நீங்க என்ன ஆளுக?" என்று கேட்டார். சொன்னேன். "அட, டிவியில வந்துச்சே, அந்தம்மா சனமா? அப்பறம் என்னண்ணே, அவங்ககிட்டயே போங்க. ஒங்களுக்குன்னு ஒரு எம்.எல்.ஏ. இருக்காங்கல்ல" என்று மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கேலிக்குச் சொல்லவில்லை அக்கா. நிஜமாகவே அப்படி நினைத்துக்கொண்டு சொன்னார்.

உன்னை நிற்காதே என்று எழுத வேண்டும் என்று ஆசையாக இருந்தது. உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் இந்த ஜென்மத்தில் ஆறாது. ஆனால் நீயும் அங்கே இல்லாவிட்டால், அடுத்த தடவை அந்த மனுஷன் எந்த அம்மாவிடம் போகச் சொல்வான்?

நில்லு. ஜெயித்துவிட்டு வா. யாருடைய ஓட்டோ, அவர்களுடைய ரோட்டையும் சாக்கடையையும் கேட்டு வாங்கிக் கொடு.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். மேடை ஏறும்போது எங்களுக்காக நிற்கிறேன் என்று சொல்லாதே.

தவசி